நிரப்ப ஒரு மூடி இல்லை

பதினான்கு நாள் அவகாசம்.
பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்.
இன்று பன்னிரண்டு.

பெட்டி மேசைக்கடியில் கிடக்கிறது, பிரிக்காமல்.
யோரித் அதன்மேல் கால் வைத்துக்கொண்டு
பார்வையற்றோர் நூலகத்துக்கு
ஒரு கொலைக்கதையை வாசித்துப் பதிவு செய்கிறாள்.
கொலையாளி கதவைத் திறக்கும் இடத்தில்
எங்கள் கணினி
பெருமூச்சு விடுகிறது.
மறுபடியும், என்கிறாள்.
கொலையாளி வெளியே போய்
மறுபடி வருகிறான்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு குரோனர்.
வாங்கியவன் நான்.
தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியும் என்கிற திமிரில் வாங்கினேன்.

பகலெல்லாம் படகின் வயிற்றில் வேலை.
ஃபியோர்டின் இக்கரைக்கும் அக்கரைக்கும்
கார்களைச் சுமக்கிற இரண்டு எஞ்சின்கள்.
நல்ல தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடேறும்.
கடல் தண்ணீர் வந்து
அந்தச் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு
கடலுக்கே போகும்.
நடுவில் ஒரு தகடு.
பதினோரு வருஷமாக
தொட்டுக்கொள்ளாமல் கொடுத்து வாங்குகிற இரண்டு தண்ணீர்கள்.
(எங்கள் கல்யாணத்தைச் சொல்லவில்லை.
நாங்கள் தொட்டுக்கொள்வோம்.)

ஆகவே
கணினிக்கும் தண்ணீர்தான் என்று தீர்மானித்திருந்தேன்.

பெட்டியின் படத்தில் இரண்டு கறுப்புக் குழாய்கள்,
ஒரு ரேடியேட்டர், இரண்டு விசிறி,
நீலமாய் ஒளிரும் வட்ட முகம்.
யார் பார்க்க ஒளிர்கிறதோ.
விளக்கக் குறிப்பைக் கடை முன்பாகவே வெளியிட்டிருக்கிறது,
பதினோரு மொழியில்.
எனக்குத் தெரிந்த மூன்றிலும் தேடினேன்
ஒன்றே ஒன்றை:
தண்ணீர் ஊற்ற ஒரு மூடி.

இல்லை.

தொழிற்சாலையிலேயே நிரப்பி, அடைத்து, முத்திரையிட்டது.
குழாயின் தோல் வழியே
வருஷத்துக்குக் கொஞ்சம் ஆவியாகும்.
ஆகிவிட்டால்?
பம்பு நின்றுபோனால்?
மூன்று மொழியிலும் ஒரே பதில்,
புதியது வாங்கவும்.

என் படகில்
தண்ணீர் இருக்கும் எதற்கும் ஒரு வாய் உண்டு,
மட்டம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் உண்டு.
காலையில் முகம் பார்ப்பதற்கு முன்
அதைப் பார்க்கிறவன் நான்.

கடைப் பையன் வெட்லே சொன்னான்:
'பொருத்திவிட்டு மறந்துவிடலாம், அதுதான் வசதி.'
மறந்துவிட்ட தண்ணீர்
எங்கே போய்ச் சேரும் என்று
அவனுக்கு இன்னும் தெரியாது.
அதே அலமாரியின் கீழ்த்தட்டில்
செங்கல் பருமனில் ஒரு உலோகக் கட்டி,
ஒற்றை விசிறி, ஐந்நூற்றுத் தொண்ணூறு.
கெட்டால் விசிறி மட்டும்தான் கெடும்.

அது சரி, சூடு எவ்வளவு?
நேற்றிரவுதான் பார்த்தேன், வெட்கத்தோடு.
நாற்பத்தாறு டிகிரி.
கதை கேட்டு எழுதிக்கொள்கிற இயந்திரத்துக்கு
அது ஜுரமே இல்லை.

அப்புறம்தான்
எஞ்சின் அறையில் செய்வதைச் செய்தேன்.
பக்கப் பலகையைக் கழற்றி
நீள ஸ்குரூ டிரைவரின் முனையை உள்ளே வைத்து
கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினேன்.
நடு விசிறி, பட்டு.
மின் பெட்டி, தூக்கம்.
பின்பக்கத்துச் சின்ன விசிறி
கூழாங்கல்லை மென்றுகொண்டிருந்தது.
அதன் இறக்கைகளில் சாம்பல் நிறப் பூனை முடி.
எங்களுக்குப் பூனை கிடையாது.
பழைய விலைக்கு வாங்கிய கணினி,
யாருடைய மடியிலோ இருந்த பூனை.

எண்பத்தொன்பது குரோனர்,
நான்கு ஸ்குரூ.

இன்று கொலையாளி கதவைத் திறந்தான்.
யாரும் பெருமூச்சு விடவில்லை.
அவன் உள்ளே வந்தான்,
விளக்கைத் தேடினான்,
யோரித் ஹெட்போனைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்த்தாள்.

'இப்போ மழை கேட்குது.'

பெர்கன் மழை.
போன மாதம் தொடங்கியதோ, அதற்கு முன்போ.
எந்தப் பக்கம் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்பது?

நாளைக்குத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன்.
காலை எடுக்கவில்லை அவள்.
'உயரம் சரியா இருக்கு,' என்றாள்,
'நாளன்னிக்குப் போடேன்.'